நாற்பத்தொன்று வரை

நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. மேசை விசிறிக்கு நேரே யாராவது உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. சுழல்கிற எதற்கும் நேரே நிற்காதே, பக்கவாட்டில் நில் என்று பதினாறு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, அது எனக்கே வியாதியாகிவிட்டது. வீட்டில் தங்கை மிக்சி போட்டால்கூட ஒதுங்கித்தான் நிற்பேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் பட்டறையில் தங்கையின் கணவர் இறந்தபோது தொழிற்சாலை ஆய்வாளராக நீங்கள்தான் வந்து விசாரித்தீர்கள். நல்ல அறிக்கை. ஒரு வரி மட்டும் தவறு. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். எப்படித் தவறு என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

கேட், ஜன்னல் கம்பி எல்லாம் செய்கிற இரும்புப் பட்டறை எங்களுடையது. ஸ்டோர் என் பொறுப்பு. இரும்பை வெட்டக் கை கிரைண்டரில் மாட்டுகிற டிஸ்கை நான் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்கும்போதெல்லாம் சொல்வேன்: டிஸ்கை மறைக்கிற மூடியைக் கழற்றாதே. கண்ணாடியும் முகக் கவசமும் போடு. நேரே நிற்காதே. புது டிஸ்க் மாட்டினால் இரும்பைத் தொடுவதற்கு முன்னால் சும்மா ஓடவிட்டு அறுபது வரை எண்ணு. டிஸ்கில் பழுது இருந்தால் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இதனால் என் பெயரே அறுபது அண்ணன் என்றாகிவிட்டது.

கேட்பார்களா? மூடி இருந்தால் மூலையில் வெட்ட முடியவில்லை என்று கழற்றிவிடுவார்கள். கண்ணாடி பத்தாவது நிமிடம் நெற்றிக்கு ஏறிவிடும். இருப்பதிலேயே மோசம் எங்கள் மாப்பிள்ளைதான். "எனக்குக் கண்ணு ரெண்டு இருக்கு மச்சான். ஒண்ணு போனாலும் இன்னொண்ணை வச்சு உங்க தங்கச்சியைப் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்பார். பட்டறையே சிரிக்கும். நான் மட்டும் அவர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இழுத்து இறக்கிவிடுவேன். தங்கை ஒவ்வொரு தடவையும் என்னிடம்தான் சொல்வாள். "அண்ணா, உங்களை நம்பித்தான் அவரை அங்க அனுப்புறேன்." எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அவள் வீட்டு மாடியறையிலேயே காலத்தை ஓட்டுகிறவன் நான்.

நாலு வருடத்துக்கு முன்னால் நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் ஆளின் கையில் டிஸ்க் வெடித்து இடது கண் போனது. அது யாருடைய வேலையும் இல்லை. ஸ்டோர் ஜன்னல் ஒழுகி, அடியில் இருந்த பெட்டி நனைந்திருக்கிறது. ஈரம் பட்ட டிஸ்க் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், உள்ளே பலம் போயிருக்கும். பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்து மாதம் ஒருவனும் கண்ணாடியைக் கழற்றவில்லை. மாப்பிள்ளை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகக் கவசம் போட்டு, உதட்டை அசைத்து அறுபது எண்ணினார். நான் அத்தனை வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திச் செய்யாததை அந்த ஒரு டிஸ்க் செய்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆறாவது மாதம் கண்ணாடிகள் மறுபடி நெற்றிக்கு ஏறின.

நனைந்த பெட்டியை நான் குப்பையில் போட்டிருக்க வேண்டும். முதலில் மறந்துவிட்டேன். பிறகு மறக்கவில்லை.

அதிலிருந்து ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்கிற ஒருவனிடம் கொடுத்தேன். இரண்டு விரல் போனது. மூடி இருந்திருந்தால் ஒரு உதறலோடு முடிந்திருக்கும் என்று பட்டறை முழுக்கப் பேசிக்கொண்டார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். சொன்னபடி செய்கிறவனை அந்த டிஸ்க் ஒன்றும் செய்யாது. நான் வைத்தது பரீட்சை, தோற்றது அவன். அடுத்த வருடம் இன்னொருவன். அவனுக்குக் கன்னத்தில் பதினோரு தையல். இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன், பழம் வாங்கிப் போனேன், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் எனக்கு நாலைந்து மாதம் வாங்கிக் கொடுத்தது. அந்த மாதங்களில் தங்கை நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கடைசியாகக் கொடுத்தது பாட்டுக்காரனுக்கு. வேலை செய்துகொண்டே பாடுவான், எதையும் மாட்டிக்கொள்ள மாட்டான். காலை பத்து மணி இருக்கும். டிஸ்கை வாங்கிக்கொண்டு போனவனை மாப்பிள்ளை வழிமறித்தார். எனக்குத் தெரியாத ஒரு விஷயம், அந்த மாதம் தங்கை அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பெண் குழந்தைக்கு நாலு வயது ஆகிறது, இனிமேல் விளையாட்டு வேண்டாம் என்று. மனிதர் நிஜமாகவே மாறியிருந்தார்.

"குடுடா இப்படி. நீயாவது அறுபது எண்ணுறதாவது! போய்த் தண்ணி குடிச்சிட்டு வா, நான் ஓட்டிப் பாத்து வைக்கிறேன்."

ஸ்டோர் ஜன்னலிலிருந்து முப்பது அடி தூரம்தான். மூடியைச் சரிபார்த்தார். கண்ணாடி போட்டார். முகக் கவசத்தை இறக்கினார். பக்கவாட்டில் நின்று ஓடவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விரலை ஆட்டி எண்ண ஆரம்பித்தார். நானும் கூடவே எண்ணினேன்.

கூப்பிட்டிருக்கலாம். சுவரில் மெயின் சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று பயந்தேன் என்றால் நீங்கள் நம்புவீர்கள். பயமும் இருந்தது. ஆனால் முழுக்க அது இல்லை, ஐயா. அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். சரியாகச் செய்கிறவருக்கு ஒன்றும் ஆகாது என்று நான் நம்பினேன். மூன்று வருடமாக அந்த நம்பிக்கையின் மேல்தானே நின்றுகொண்டிருந்தேன்.

நாற்பத்தொன்றில் வெடித்தது. ஒரு துண்டு எதிர்த் தூணில் பட்டுத் திரும்பி வந்தது. முகக் கவசத்துக்குக் கீழே, கழுத்தில்.

முதலில் ஓடியவன் நான்தான். மற்றவர்கள் வருவதற்குள் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. அவர் கண் திறந்திருந்தது. ஏதோ கேட்க வந்தது மாதிரி என்னைப் பார்த்தார். நான் அவருடைய முகக் கவசத்தையும் கண்ணாடியையும் கழற்றி, வேட்டியில் துடைத்து, தூண் ஆணியில் மாட்டினேன். பிறகுதான் கழுத்தை அழுத்திப் பிடித்தேன்.

ஏன் என்று கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். எல்லாம் போட்டிருந்தவன் செத்தான் என்று தெரிந்தால், மறுநாள் எவன் எதைப் போடுவான்? மூன்று வருட உழைப்பு வீணாகிவிடும். அதனால்தான் நீங்கள் வந்து கேட்டபோது ஆணியைக் காட்டினேன். "இறந்தவர் பாதுகாப்புச் சாதனம் எதுவும் அணியவில்லை" என்று எழுதினீர்கள். அந்த வரிதான்.

தங்கை அழுவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. இப்போது கோபம் மட்டும்தான். "சத்தியம் பண்ணிட்டு என்னை ஏமாத்திட்டுப் போயிட்டாருண்ணா. எங்களைவிட அவருக்கு அந்த வீம்புதான் பெருசாப் போச்சு." அவர் போட்டோவைப் பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டாள். குழந்தை கேட்டால், அப்பா சொன்ன பேச்சு கேட்காததால் போய்விட்டார், நீயாவது கேள் என்கிறாள். குழந்தை தலையாட்டுகிறது. அவள் மிக்சி போடும்போது நான் அடுப்படி வாசலில் ஒதுங்கி நின்று எண்ணுகிறேன். நாற்பத்தொன்றுக்கு மேல் எனக்கு வருவதில்லை. நாற்பத்திரண்டு என்கிற சொல்லே நாக்கில் இல்லை. "என்னண்ணா முணுமுணுக்கிறீங்க?" என்று கேட்கிறாள்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். அவர் கண்ணாடி போட்டிருந்தார், கவசம் போட்டிருந்தார், கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினார் என்று எழுதுங்கள். தங்கையிடமும் நீங்களே சொல்லுங்கள். முதலில் அதைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு.

இந்தப் பையில் அந்தப் பெட்டி இருக்கிறது. இன்னும் ஏழு மிச்சம். நேற்று பாட்டுக்காரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்ததைப் பார்த்தேன். அடுத்த நிமிடம் நான் ஸ்டோர் ஜன்னலடியில் அந்தப் பெட்டியின் மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை. அதனால்தான் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மற்றவர்கள் அடிபட்டதால் பட்டறைக்கு வந்த பயம் எதுவும் ஐந்து மாதத்தைத் தாண்டவில்லை. எங்கள் மாப்பிள்ளை எட்டு மாதம் தாங்கினார்.