நடை மட்டும்

கண்டியில், மிருக மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு குதிரைக்காரரும் அவருடைய முதலாளியும் நின்றார்கள்.

"கெழவிக்கு முன்னங்கால் கொதிக்குது முதலாளி. நேத்து யாரு ஏறுனது?"

"யாரும் ஏறல்ல."

"ரெண்டு வருஷம் சும்மா நின்ன வயசான குதிரை. இந்த மாசம் முழுக்க நடை மட்டுந்தான்னு சொன்னேன். காலையில பார்த்தா, சேணத்துக்கு அடியில போடுற துணி வேர்வையில ஈரமா கெடக்கு."

வரிசை நகர்ந்தது. முதலாளி நகரவில்லை.

"அம்பிட்டிய மேட்டுல நடத்தித்தான் போனேன், ராசு. அதுவாத்தான் ஓடிச்சு, பழைய மாதிரி. நிப்பாட்ட மனசு வரல்ல."

"அது ஓடும் முதலாளி. நீங்க மேல இருந்தா கால் ஒடஞ்சாலும் ஓடும். நிப்பாட்டத்தானே உங்க கையில கடிவாளம் இருந்திச்சு?"