ஏழடிப் பாம்புக்கு எட்டடிக் கூண்டு

பாம்பு வளர்க்கிறவர்கள் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள், மேடம். கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டால் போதும், இணையத்தில் வாரக்கணக்கில் சண்டை போடுவார்கள்.

கிள்ளானில் வாடகை வீட்டில் என்னோடு அப்பா கன்னையாவும் ஒரு மலைப்பாம்பும் இருந்தார்கள். அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. கதவு திறந்திருந்தால் சாலைக்குப் போய்விடுவார். கேரி தீவுத் தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி வந்த தன் பழைய லோரியைத் தேடுவார். பாம்பை, துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருந்தேன். இடம் குறுகலாக இருந்தால்தான் பாம்புக்குப் பயம் தெளியும், இரை எடுக்கும் என்று ஒரு கட்சி சொல்கிறது. நானும் அந்தக் கட்சிதான்.

ஒருநாள் பெட்டியைப் படமெடுத்து, பாம்பு வளர்க்கிறவர்களின் இணையக் குழுவில் போட்டேன். பிரிக்பீல்ட்ஸ்காரர் ஷபீர் எழுதினார்: "பாஸ், இது பாம்பா, சுருட்டி வச்ச பாயா? நீட்டிப் படுக்க இடம் குடு லா." குழுவே சிரித்தது. மனசாட்சி இல்லாதவன் என்று ஒரு பெண் எழுதினாள். அதற்குமுன் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எட்டடிக்குக் கண்ணாடிக் கூண்டு செய்தேன். காற்றுக்கு இரண்டு பக்கமும் வலை, சூடு பார்க்க வெப்பமானி. ஹாலில் வைத்தால் அப்பா கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருப்பார். அதனால் அவர் அறையில் வைத்தேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஸ்டோரைக் காலி செய்து அவருக்கு மெத்தை போட்டேன்.

முதலில் கதவைத் தட்டினார். "டேய் வாசு, லோரிக் கதவு லாக் ஆயிருச்சுடா, தொறடா" என்பார். போகப் போகத் தட்டுவது குறைந்தது. பழகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். லோரியின் முன்சீட்டிலேயே பாதி ஆயுளைத் தூங்கிக் கழித்தவருக்கு அது பெரிய இடம்தான்.

ஷா ஆலமிலிருந்து அக்கா அமுதவள்ளி போன் செய்வாள்.

"அப்பாகிட்ட குடுடா."

"தூங்குறாரு லா அக்கா."

"எப்பப் பாத்தாலும் தூக்கமா? தின்னுட்டுச் சுருண்டு கிடக்க அவரு என்ன உன் பாம்பாடா?"

நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

புதுக் கூண்டின் படத்தைப் போட்டதும் ஷபீர்தான் முதலில் எழுதினார்: "இப்பதான் பாஸ் நீங்க மனுஷன்." அதை அடிக்கடி எடுத்துப் படிப்பேன்.

போன வாரம் வெயில் கடுமை. தெலுக் பங்லிமா காராங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆள் பற்றாக்குறை. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். கிளம்பும்போது பாம்பு இருந்த அறையில் மின்விசிறியைப் போட்டுவிட்டு, ஸ்டோரை வெளியே தாழிட்டேன். தினமும் செய்வதுதான். ஸ்டோருக்கு ஜன்னல் கிடையாது.

திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் அசதி. பாம்புக்குத் தண்ணீர் மாற்றினேன். வெப்பமானி சரியாகக் காட்டியது. அதற்குப் பிறகுதான் ஸ்டோரைத் திறந்தேன். கதவுக்கு அடியில் காற்று நுழையும் இடுக்கில் வாயை வைத்தபடி அப்பா கிடந்தார். உடம்பு ஆறியிருந்தது.

தாழிட்டவன் நான்தான், மேடம். என்னால்தான் செத்தார். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

வாக்குமூலத்தில் ஸ்டோர் ஐந்தடி என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் திருத்திவிடுங்கள். ஆறடி ஒரு சாண், நானே அளந்தேன். அப்பா நீட்டிப் படுக்க இடம் இருந்தது.