மூடிய டிக்கெட்டைத் திறந்து வைத்தவருக்கு

இரும்புத் தகட்டின் இரைச்சலிலே இளமையைக் கழித்தவரே, எண்ணெயும் வியர்வையும் ஒன்றாய் வழிய இயந்திரங்களின் அடிவயிற்றில் மல்லாந்து கிடந்தே முதுகு தேய்ந்தவரே, ரேணிகுண்டா பட்டறையில் பதினெட்டு ஆண்டுகளும் சத்தியவேட்டை அடுத்த எங்கள் மின்விசிறி உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினைந்து ஆண்டுகளும் பழுது பார்த்துப் பார்த்து இன்று பணி நிறைவு பெறும் பராமரிப்பு மேற்பார்வையாளர் திரு. வேணு அவர்களே, தகடு வெட்டும் பிரஸ் ஷெட்டின் மூன்று ஷிஃப்டுக்காரர்களும் கூடி உங்களுக்கு வாசித்தளிக்கும் மடல் இது.

மடல் என்றால் மலையே, கடலே என்று எழுத வேண்டுமாம். நகரியில் மடல் எழுதி பிரேம் போட்டுத் தருகிறவர் அப்படி ஒரு மாதிரியைக் காட்டினார். படித்துப் பார்த்தோம், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். உங்களுக்கும் களைப்பு, எங்களுக்கும் களைப்பு. நடந்ததையே எழுதிவிடுகிறோம்.

பிரஸ்ஸின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லும் செவி உங்களுடையது. மழையில் நாயுடுபேட்டைச் சாலை மூழ்கிக் கிடந்த இரண்டு நாளும் வீடு போகாமல் மோட்டார்களைக் காப்பாற்றிய கை உங்களுடையது. அழுத்தத்தில் நிற்கும் இயந்திரத்துக்குக் கீழே எங்களை அனுப்பாமல் நீங்களே முதலில் நுழைவீர்கள். திட்டுவீர்கள், திட்டி முடித்ததும் உங்கள் டிபன் பாக்ஸ் எங்கள் முன்னால் வரும். "துன்னுட்டு வேலையப் பாருடா. மூஞ்சியப் பாரு, அஞ்சு நாள் பட்டினி கெடந்தவனாட்டம்."

இனி, எழுதக் கூசுகிற பகுதி. எந்தப் பழுதானாலும் கம்ப்யூட்டரில் டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு, போட வேண்டும், சரியானதும் மூட வேண்டும் என்பது இங்கே விதி. ஷிஃப்ட் முடியும்போது திறந்த டிக்கெட் இருந்தால் கேள்வி வரும் என்பது நடப்பு. ஆகவே சரியானதையும் மூடினோம், சரியாகாததையும் மூடினோம். "பார்த்தோம், ஓகே" என்று இரண்டே சொல். வேண்டுமானால் அடுத்த ஷிஃப்ட் புது டிக்கெட் போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் மட்டுமல்ல, இந்த மடலின் கீழே கையெழுத்திட்டிருக்கும் எல்லா மெக்கானிக்குகளும் அப்படித்தான்.

ஐந்து மாதத்துக்கு முன் கம்ப்யூட்டர் பிரிவின் தரணி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து டூல் ரூமில் வைத்தார். நெட் அடிக்கடி அறுந்துபோகிற ஷெட் இது. பதினோராயிரம் பழைய டிக்கெட்டுகளையும் அந்தப் பெட்டிக்குள் இறக்கினார். புதிதாகப் போட்டதும் திருத்தியதும் தினமும் காலை ஷிஃப்டுக்கு முன்னால் தானாக வந்து சேரும்படி செய்தார். நெட் இல்லாத நேரத்திலும் அதிலுள்ள ஏஐ ஏஜென்ட் அந்த நினைவில் தேடி, நாம் கேட்பதற்குப் பதில் சொல்லும். வேணு போனாலும் அவர் மூளை இங்கேயே இருக்கும் என்று மேலிடத்தில் பேசிக்கொண்டார்கள்.

சோதனைக்கு என்ன கேட்கலாம் என்றார் தரணி. நீங்கள்தான் சொன்னீர்கள்: "ஏழாம் பிரஸ்ஸக் கேளும்மா. கை உள்ள போனா மிஷின நிறுத்துற சென்சாரு மினுக்கு மினுக்குன்னா இன்னா செய்யணும்னு கேளு."

திரையில் பதில் வந்தது. இதே புகார் முன்பு பார்க்கப்பட்டது, ஓகே, இயந்திரத்தை ஓட்டலாம். பின்னர் நடந்த விபத்துக்கு ஆபரேட்டரின் கவனக்குறைவே காரணம், ஆபரேட்டருக்கு அறிவுறுத்தவும்.

அந்த ஆபரேட்டர் செங்கம்மா. மூன்று வருடத்துக்கு முன் ஏழாம் பிரஸ்ஸில் வலக்கை விரல்கள் இரண்டை இழந்தவர். அதற்கு மூன்று நாள் முன்பே சென்சார் சரியில்லை என்று டிக்கெட் போட்டவரும் அவர்தான். மாற்று சென்சார் வந்து சேரவில்லை. நீங்கள் "பார்த்தோம், ஓகே" என்று மூடினீர்கள். விசாரணையில் பழி செங்கம்மா தலையில் விழுந்தது, மெமோ கொடுத்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். எங்களுக்கெல்லாம் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

புதிதாக வந்த தரணிக்கு இது எதுவும் தெரியாது. "கரெக்டாண்ணா?" என்று கேட்டார். நீங்கள் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு திரும்பினீர்கள். "அது பொய் சொல்லலம்மா. நான் எழுதிக் குடுத்ததத்தான் சொல்லிக்கினு கீது. ரிடையர் ஆவறமுட்டும் என் லாகின் இருக்கும்ல?"

அன்று முதலில் திறந்தது செங்கம்மாவின் டிக்கெட்டை. பிறகு நான்கு மாதம், ஷிஃப்ட் முடிந்த பிறகும் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, அறுநூற்றுச் சொச்சம் டிக்கெட்டுகளைத் திறந்து உண்மையில் நடந்ததை எழுதினீர்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் திறந்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கை சிவப்பில் ஏறிக்கொண்டே போனது. மேனேஜர் ஷெட்டுக்கே வந்துவிட்டார். "எந்துக்கண்டி வேணுகாரு, இப்புடு எதுக்கு இதெல்லாம்? பேசாம கேக் வெட்டிக்கினு வீட்டுக்குப் போங்களேன்."

"கேக்க நீங்களே துன்னுங்க சார். எனக்கு சுகரு."

சிரித்தோம். ஆனால் விளக்கம் கேட்டு உங்களுக்குக் கடிதம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மேடையில் இன்று காலியாக இருக்கும் நாற்காலி மேனேஜருடையது, வர மாட்டேன் என்று முன்னமே சொல்லிவிட்டார். செங்கம்மாவின் மெமோ இன்னும் ரத்தாகவில்லை. மறுவிசாரணை என்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை மழையில் நெட் போயிருந்தது. ஏழாம் பிரஸ்ஸில் சென்சார் மறுபடி மினுக்கியது. வேலைக்கு வந்து மூன்றே மாதமான காவ்யா, டூல் ரூம் பெட்டியோடு இணைத்து ஷெட்டில் வைத்திருக்கும் டேப்லெட்டில் என்ன செய்வது என்று கேட்டார். பெட்டி தேடி எடுத்துக் காட்டியது உங்கள் எழுத்தை: "மிஷினை உடனே நிறுத்து. இதே கோளாறை நான் சரிசெய்யாமல் ஓகே என்று மூடினேன். மூன்றாம் நாள் செங்கம்மா விரல் போனது. தப்பு என்னுடையது, அந்தம்மாவுடையது அல்ல. சென்சார் மாற்றும்வரை யார் சொன்னாலும் ஓட்டாதே. வேணு."

காவ்யா நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் சத்தம் போட்டார். காவ்யா டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். படித்துவிட்டு அவரும் அடங்கிப்போனார். ஏழாம் பிரஸ் ஐந்து மணி நேரம் நின்றது. டார்கெட் போனது, திட்டும் விழுந்தது. காவ்யாவின் பத்து விரல்களும் இருக்கின்றன. உங்கள் முப்பத்துமூன்று ஆண்டு உழைப்பில் நாங்கள் பாராட்டத் தேர்ந்தெடுத்தது அந்த ஐந்து மணி நேரத்தை.

ஷிஃப்ட் சங்கு ஒலிக்காத காலைகளில் நிதானமாக எழுந்து, சுகர் அடங்கி, முதுகுவலி தணிந்து, பேரன் பேத்திகளோடு நெடுநாள் நலமாக இருங்கள். போன் வந்தால் எடுங்கள். பெட்டிக்குத் தெரியாதது இன்னும் நிறைய இருக்கிறது.

இந்த மடலை எழுதி முடித்ததும் முதலில் செங்கம்மாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினோம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கையெழுத்து போடறன். ஆனா மன்னிச்சிட்டன்னு எழுதிடாதீங்க. அது இன்னும் வரல. நெசத்த எழுதுனாரு, அத எழுதுங்க."

அப்படியே எழுதியிருக்கிறோம். கீழே முதலில் இருப்பது அவர் கையெழுத்து. மூன்று விரலால் போட்டது, கொஞ்சம் கோணலாக இருக்கும்.

இப்படிக்கு,
செங்கம்மா, ஏழாம் பிரஸ் (இப்போது பேக்கிங்)
காவ்யா, ஏழாம் பிரஸ்
தரணி, கம்ப்யூட்டர் பிரிவு
மற்றும் பிரஸ் ஷெட்டின் மூன்று ஷிஃப்டுத் தொழிலாளர்கள்