சில்லுக் கட்டையை எடுத்தது நான்

பெயர்: கந்தையா யோகராசா. வயது: 67. தொழில்: ஓய்வுபெற்ற தபால் அதிபர். முகவரி: மெல்பேர்ன், ரோவில், மகன் ஜசிந்தனின் வீடு. 12.03.2025 புதன்கிழமை ஜீலோங்கில், மொழிபெயர்ப்பாளர் நிவேதிகா மூலம் பொலிஸ் உத்தியோகத்தர் முன்னிலையில் சொல்வது.

நேற்று என் மகன் ஜசிந்தன், வாடகை வான் உருளாமல் சில்லுகளுக்கு வைத்த கட்டைகளைத் தான் எடுத்ததாக உங்களிடம் சொல்லி ஒப்பமிட்டிருக்கிறான். அது பொய். எங்கள் நிரந்தர விசா விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை, அதனால் என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னான். அவன் பஸ் ஓட்டுநர். இந்தக் குற்றம் அவன்மேல் விழுந்தால் லைசென்சும் போகும், வேலையும் போகும். ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மகன் ஒரு வாரம் லீவு எடுத்து, கடற்கரைப் பாதையால் ஆறுதலாகப் போவோம் என்று, படுக்கக் கட்டிலும் சமைக்கக் குசினியும் உள்ள பழைய கேம்பர்வான் ஒன்றை வாடகைக்கு எடுத்தான். சனிக்கிழமை காலை அதை எடுக்கப் போனபோது என் மனைவி கமலேஸ்வரி, வயது 63, கைப்பையில் நான்கு தேசிக்காய் கொண்டுவந்திருந்தார். பயணம் தொடங்குமுன் அவற்றைச் சில்லுகளுக்கு முன்னால் வைத்து, நசியும்படி வாகனத்தை மேலே ஏற்றிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். கம்பனிப் பெடியன்கள் பார்த்துக்கொண்டு நின்றதால் எனக்கு வெட்கமாக இருந்தது. "பிறகு பாப்பம்" என்றேன். அதன் பிறகு வழியில் டோர்க்கியில் கேட்டார், லோர்னில் கேட்டார். அங்கும் பிறகு என்றே சொன்னேன். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் ஒரு தந்தியைப் பிந்தவிடாதவன் நான்.

திங்கட்கிழமை பின்னேரம் ஒரு வளைவில், எதிரே வந்த லொறி எங்கள் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் மனைவி அதன் பிறகு சாப்பிடவில்லை. பொழுதுபட முன்னர் ஒரு படகுத்துறைக்கு மேலே, கடலைப் பார்த்த சரிவில் வானை நிறுத்தினோம். கைப்பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று மகன் கம்பனிக்குப் போன் எடுத்தான், மறுநாள் ஆள் வரும் என்றார்கள். அவன் முன்சில்லு இரண்டுக்கும் கட்டை வைத்துவிட்டு, "அப்பா, கட்டையில கை வையாதேங்கோ" என்றான். ஓம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணியளவில் மகன் குளிக்கப் போனான். மனைவி வானுக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். யன்னலால் தேசிக்காய்களை நீட்டி, "இண்டைக்காவது வையுங்கோவன்" என்றார். மூன்று நாளாகத் தட்டிக்கழித்தது எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது. பின்சில்லு இரண்டுக்கும் வைத்தேன். முன்சில்லுகளில் வைக்கவேண்டிய இடத்தில் கட்டைகள் இருந்தன. வலதுபக்கக் கட்டையை எடுத்துவிட்டு ஒன்றை வைத்தேன். வான் அசையவில்லை. அதன் பிறகு இடதுபக்கக் கட்டையையும் இழுத்தெடுத்து நாலாவதை வைத்தேன். "வைச்சாச்சோ?" என்று உள்ளேயிருந்து கேட்டார். "ஓம், நாலும் வைச்சாச்சு" என்றேன்.

அதன் பிறகு வான் உருண்டது. பின்பக்க ஏணியைப் பிடித்தேன், அது என்னை இழுத்துக்கொண்டு போய் விழுத்தியது. மனைவி பின்யன்னலுக்கு வந்து நின்றார். கடலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கையில் என்னுடைய தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. வான் துறையால் இறங்கித் தண்ணீருக்குள் போனது. எனக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று மகனைக் கூப்பிட்டேன், அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. மீன்பிடிக்க வந்த இருவரும் மகனும் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே எடுத்தார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் மெசினில் இருக்கிறார். கண் திறக்கவில்லை.

தேசிக்காய் எதற்கு என்று உத்தியோகத்தர் கேட்டார். பாதுகாப்புக்கு என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லுமுன் ஒருமுறை என்னைப் பார்த்தார். யாருடைய பாதுகாப்புக்கு என்று உத்தியோகத்தர் கேட்டார். உள்ளே இருக்கிற ஆளுக்கு என்றேன்.

அந்தச் சரிவில் தேசிக்காய் எதையும் காணவில்லை, விபத்துக்குப் பிறகு நேற்று முழுக்கப் பெய்த மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது, மகனைக் காப்பாற்ற நீங்கள் இதைச் சொல்லக்கூடும் என்றார். எனக்கு ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. என் மனைவி கண் திறந்தால் கேட்டுப் பாருங்கள். நாலும் வைச்சாச்சு என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டது.

இவ்வளவும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, சொன்னதெல்லாம் உண்மை.

ஒப்பம்: க. யோகராசா