பதினோரு முடிச்சு

மாட்டுக் குடலில் பாதி வேலை கழுவுவதில்தான் இருக்கிறது, ஐயா. நீங்கள் நைரோபிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிகிறது. அங்கே குழாயடியில் ஒரு தடவை அலசிவிட்டு வெங்காயத்தையும் தக்காளியையும் கொட்டி இறக்கிவிடுவீர்கள். இங்கே லாமுத் தீவில் அப்படிச் சமைத்து வைத்தால் பூனைகூட மோந்து பார்க்காது.

நான் கழுவும் விதத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் யாரும் கூப்பிடாமல் இந்தக் காவல் நிலையத்துக்கு நடந்து வந்ததே அதற்காகத்தான்.

விடிந்ததும் கசாப்புக்கடையில் முதல் ஆளாக நின்று வாங்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, மேலே கறுப்பாக இருக்கும் தோலைக் கத்தியால் சுரண்ட வேண்டும். வெளுத்த துண்டு மாதிரி ஆகும் வரை விடக் கூடாது. பிறகு உப்பு, எலுமிச்சை, மறுபடி தண்ணீர். ஏழு தண்ணீர் மாற்றுவேன். சிறுகுடலை உள்ளே வெளியே திருப்பிக் கழுவி, மூன்று இழையாகப் பின்னி, முடிச்சுப் போடுவேன். எங்கள் சந்தில் வேறு யாருக்கும் அந்த முடிச்சு வராது. இஞ்சி பூண்டு போட்டு வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் இரண்டாம் தேங்காய்ப்பால். கடைசியில் கெட்டிப்பால் ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை சுண்டவிட வேண்டும். குழம்பு நிற்காது. முடிச்சு ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். கிண்ணத்துக்குப் பதினோரு முடிச்சு வைப்பேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இருபத்தாறு வருஷமாக எங்கள் சந்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் குடல் கறிக்கு ஸஹாரியாவைக் கூப்பிடு என்றுதான் சொல்வார்கள். என் புருஷன் கடலோடு போனபிறகு எனக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அதைச் சவுமு கெடுத்தாள். எதிர்வீட்டுக்காரி. நோன்பு மாதத்துக்கு முன்னால் மோஸா வீட்டுக் கல்யாணம். பெண்கள் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சவுமு ஒரு முடிச்சை எடுத்து மூக்கருகில் வைத்தாள்.

"ஏன்க்கா, இந்த மாட்ட அறுத்தாங்களா, இல்ல இன்னும் உள்ள மேஞ்சுகிட்டு இருக்கா? சாணி வாடை தூக்குதே."

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மருமகள் மிஸ்கி, ஐந்து மாசக் கர்ப்பிணி, முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். கல்யாண வீட்டில் வேறென்ன செய்ய முடியும்?

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அது இன்னும் போகவில்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து எல்லார் வாயிலும் அதே பேச்சு. கடைக்குப் போனால், "அக்கா, மாடு மேஞ்சு முடிச்சிடுச்சா?" என்று கேட்பார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அடுத்து வந்த இரண்டு கல்யாணங்களுக்கும் என்னைக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து என் கையை நானே மோந்து பார்த்தேன், ஐயா. எலுமிச்சை வாசம்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பிறகு நோன்பு வந்தது. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் வீட்டுக்கு வீடு கிண்ணம் போகும். வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. முதல் நாள் நான் ரோஷத்தோடு குடல் கறி செய்தேன். எந்த நாளும் செய்யாத அளவுக்குக் கழுவினேன். நேராகச் சவுமு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாய் நிறையச் சிரித்து வாங்கிக்கொண்டாள். என் கிண்ணத்தில் பேரீச்சம்பழம் போட்டுத் திருப்பினாள்.

நோன்பு திறக்கும் மக்ரிபு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சந்தின் கடைசி வீட்டு மோஸா மூடிய தட்டோடு வந்தாள்.

"நோன்பு வச்சுகிட்டு நானே நின்னு செஞ்சேன்க்கா. ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க."

திறந்து பார்த்தால் என் முடிச்சு. சவுமு அதைத் தன் தட்டுக்கு மாற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அந்த வீடு அடுத்த வீட்டுக்கு. நான்கு வீடு சுற்றி, தின்ன ஆளில்லாமல், என்னிடமே வந்துவிட்டது. மோஸா என் முகத்தைப் பார்த்து, தானே சமைத்தது என்கிறாள்.

"உன் கைக்கு என்னடி குறைச்சல்," என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அடுத்த நாள் முகம் கொடுத்துப் பேசியிருப்பேன். இருந்தாலும் விடாமல் தினமும் சமைத்தேன், தினமும் கொடுத்தேன். தினமும் அது சந்தைச் சுற்றிவிட்டு என் வீட்டுக்கே வந்தது.

பதினெட்டாம் நோன்பு அன்று எலிக்கு வைக்கும் பொடியைக் கறியில் சேர்த்தேன். அதை மறைக்கவில்லை. வந்தவுடனே உங்களிடம் சொன்னது அதுதான். யாரும் தின்னாத கறி, எப்படியும் என்னிடமே திரும்பி வரும், கொட்டிவிடலாம், என் மனசாவது ஆறும் என்று நினைத்தேன் என்று சொன்னேன். உங்கள் எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அன்று மக்ரிபு பாங்கு சொல்லி நான் நோன்பு திறந்தபோது எதிர்வீட்டில் அலறல் கேட்டது. மிஸ்கி. விடிவதற்குள் முடிந்துவிட்டது. ஏழு மாசக் குழந்தை வயிற்றிலேயே இருந்தது. ஒரே குழியில் வைத்தார்கள். நானும் போய்ச் சவுமுவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். கறி கை மாறியதை ஒப்புக்கொள்ள அந்தச் சந்தில் ஒருத்திக்கும் தைரியம் இல்லை. எல்லாரும் தானே சமைத்தேன் என்று சொன்னவர்கள். ஆனால் மூன்றாம் நாள் துக்க வீட்டில், என் காது கேட்கவே மோஸா சொல்கிறாள்:

"மருத்துவமனையிலயும் சாப்பாட்டுக் கோளாறுன்னுதான் சொன்னாங்களாம். ஒழுங்கா கழுவாத குடலு. பாவம், புள்ளத்தாச்சிக்குத் தாங்கல."

சவுமு தலையை ஆட்டினாள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, வாடை அடிக்குதுன்னு."

அங்கேயிருந்து எழுந்து நேராக இங்கே வந்தேன். கழுவாத குடல் அவளைக் கொல்லவில்லை, ஐயா. நான் கொன்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

நீங்கள் கேட்பது நியாயம்தான். அன்றைக்கும் தட்டு என்னிடம் திரும்பி வந்தது. அலறல் கேட்டு என்னைக் கூப்பிட வந்த மோஸா, அதிலிருந்து நான் சாப்பிட்டதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? கொட்டிவிடலாம் என்று நினைத்தவள் ஏன் சாப்பிட்டேன்? புத்தி கலங்கிப்போன கிழவி ஏதோ உளறுகிறாள் என்று நினைக்கிறீர்கள். அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டால், கழுவாத குடல் என்றே அது நின்றுவிடும். அதனால் முழுதும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாளே தட்டு திரும்பி வந்ததும் எண்ணிப் பார்த்தேன். எட்டுதான் இருந்தது. மூன்று குறைந்தது. நோன்பு திறக்காத நேரத்தில் யார் வாயில் வைப்பார்கள்? அந்தச் சந்தில் நோன்பு இல்லாதவள் கர்ப்பிணியான மிஸ்கி ஒருத்திதான். மறுநாளும் எட்டு. நான்காம் நாள் அவளே பின்வாசல் வழியாக வந்தாள்.

"பெரியம்மா, உங்க குடல் கறின்னா எனக்கு உசுரு. தட்டுக்கு மாத்தறதுக்கு முன்னாடி, அத்தை அந்தப் பக்கம் திரும்பினதும் கிண்ணத்துல மேல இருக்கிறதுல மூணு எடுத்துக்கிறேன். கிளறினா தெரிஞ்சிடும்."

"அப்ப வாடை?" என்று கேட்டேன்.

"வாடையா? ஒண்ணும் கிடையாது பெரியம்மா. அன்னிக்கு எல்லாரும் மூக்கப் பொத்தினாங்க, நானும் பொத்தினேன். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அது அவ்வளவு சின்ன விஷயம்.

சவுமுவுக்கு என் மேல் பொறாமை. மற்றவர்கள் ஆட்டு மந்தை. அவர்களுக்கு உண்மை தெரியாது, விட்டுவிடலாம். இவளுக்குத் தெரியும். என் கறி சுத்தம் என்று அந்த ஊரிலேயே நிச்சயமாகத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அத்தை முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பெயர் எனக்குத் திரும்பியிருக்கும். அவள் சொல்வாள் சொல்வாள் என்று பதினான்கு நாள் காத்திருந்தேன். அவள் தினமும் மூன்று தின்றாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், தெருவில் என்னைக் கண்டால் மற்றவர்களோடு சேர்ந்து மூக்கைப் பொத்தினாள்.

பொடியை மூன்று முடிச்சுக்குள் மட்டும்தான் வைத்தேன். கறி ஆறி இறுகியபிறகு, தனியாக ஒரு வாழை இலைத் துண்டு போட்டு, மேலே வைத்தேன். மற்ற யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன். கண்டவர்களைக் கொல்ல நான் ஒன்றும் பாவி இல்லை.

அலறல் கேட்டபோது கையில் நான்காவது முடிச்சு இருந்தது. மீதியையும் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தேன். எட்டும் நன்றாகத்தான் இருந்தன, ஐயா. வாடை என்று எதுவும் இல்லை. அதைத் தவறாமல் எழுதிவிடுங்கள்.