காதுக்கு வாங்கிய பெட்டி

மாத்தளையில், எல்கடுவ தேயிலைத் தோட்டப் பக்கம் போகும் பஸ் புறப்பட இருந்தது. எனக்கு முன் சீட்டில் இடம் பிடித்து வைத்திருந்த பெண்ணின் புருசன், கடையிலிருந்து பெரிய பெட்டியோடு வந்து ஏறினார்.

"ஹெட்போனுக்குச் சத்தம் கூட்டுற ஆம்ப் கேட்டா, தேருக்குப் பாட்டுப் போடுற பெட்டியத் தூக்கிட்டு வாறீங்களே!"

"இதுவும் ஆம்ப்தான் புள்ள. வெலையும் கம்மி."

"கம்ப்யூட்டர்ல குத்துற சின்னச் சாமான்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே! எனக்கு, பேசுறதக் கேட்டு டைப் பண்ற வேலை. சரியா கேக்காம இன்னமும் பிழை விட்டா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க."

"பெருசுன்னா நல்லா கேக்கும்னு நெனச்சேன்."

அவள் பையிலிருந்து ஹெட்போனை எடுத்து, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஹெட்போன் வயரைக் குத்த அதில் ஓர் ஓட்டையும் இல்லை.

"கேக்கும். தோட்டத்துக்கே கேக்கும். எனக்கு மட்டுந்தான் கேக்காது."