மூழ்குகிறவனின் அசைவு

ஸ்டேஷன் காப்பி நன்றாகத்தான் இருக்கிறது சார், சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். என் கைடு ராமாமிர்தம் மாதிரி தொண்டையைச் செருமவே பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை.

சிதம்பரத்தில் நான் செய்யும் ஆராய்ச்சி இதுதான். மணிக்கட்டிலும் இடுப்பிலும் சென்சார் கட்டி ஆளைத் தண்ணீரில் இறக்கினால், கை என்ன வேகத்தில் சுழல்கிறது, உடம்பு எப்படிச் சாய்கிறது என்று அது பதிவு செய்துகொள்ளும். யாராவது மூழ்கினால் அந்த அசைவை வைத்தே அலறுகிற கருவி செய்ய வேண்டும். உயிர் காக்கும் வேலை சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூழ்கிக் காட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடலூரிலிருந்து, படகில் போகும் லூர்துசாமியைக் கூட்டிவந்தேன். மனிதர் இரண்டு கையையும் தூக்கி, "ஐயோ, காப்பாத்துங்க" என்று கத்தி, நடுவில் சிரித்தும் தொலைத்தார். "எவ்ளோ முக்குனாலும் ஒடம்பு மேலதான் வருது தம்பி, நான் இன்னா பண்றது?" என்றார். அந்தக் கூத்தையே எழுதிக் கொடுத்தேன்.

ராமாமிர்தம் படித்துவிட்டு, "நெசமா மூழ்குறவன் கத்தவே மாட்டான்யா. உண்மையான டேட்டா கொண்டா, இல்லன்னா உன் ஏழு வருஷமும் கோவிந்தா" என்றார். தலைகீழாக நின்றாலும் அந்த ஆள் கையெழுத்துப் போடமாட்டார்.

எழிலன் என் மனைவி வினோதினியின் தம்பி. ஸ்ரீமுஷ்ணத்துக்காரன். குளத்தில் கால் நனைக்கவே படியைப் பிடித்துக்கொள்கிறவன். ஆனால் மாமா கேட்டால் எதற்கும் மாட்டேன் என்றதில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை, ஆளில்லாத ஒரு லாட்ஜ் நீச்சல்குளத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன். சென்சார் கட்டும்போது, "மாமா, ஆழம் எவ்ளோ?" என்று கேட்டான்.

"இடுப்பளவுதான்டா, குதி" என்றேன். அந்தப் பக்கம் ஒன்பது அடி.

கைடு சொன்னது சரிதான் சார். அவன் கத்தவே இல்லை. ஏணி ஏறுகிறவன் மாதிரி தண்ணீரை அமுக்கிக்கொண்டு என்னையே பார்த்தான். நீளமான மூங்கில் கழி என் கையில்தான் இருந்தது. எனக்கு அறுபது விநாடிப் பதிவு தேவைப்பட்டது, அதனால் நீட்டவில்லை. அசைவு நின்ற பிறகும் கொஞ்சம் பொறுத்தேன். அசைவு இல்லாததும் ஓர் அளவுதானே.

தண்ணீருக்குள்ளிருந்து சென்சாரின் சிக்னல் வெளியே வராது. வெளியே எடுத்தால்தான் பதிவைப் பார்க்க முடியும். அவனை இழுத்துப் போட்டது நான்தான், வேறு யாருமில்லை. மணிக்கட்டிலிருந்து கழற்றி லேப்டாப்பில் மாட்டி, எல்லாம் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். துணி காயப்போட வந்த லாட்ஜ் வேலைக்காரம்மா ஜான்சி, "யோவ், மனுசன் கெடக்குறான், பொட்டியப் பாத்துக்கினு கீறியே" என்று என்னைத் தள்ளிவிட்டு அவன் நெஞ்சை அழுத்தினார். பாவம், நிறைய நேரம் அழுத்தினார். பிரயோஜனமில்லை.

வினோதினி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். ஒரு விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது சார். ஆய்வேட்டின் நன்றியுரையில், கைடுக்கும் முன்னால், "முழு ஒத்துழைப்பு நல்கிய மைத்துனர் எழிலன்" என்று எழுதி வைத்திருக்கிறேன். படித்தால் மனசு ஆறிவிடுவாள்.